‘குடுத்து வச்சவன்’ என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்

ஒரு வாசகரின் கேள்வி: செப்டம்பர் 5, 2025, காலை 9.12

ஆசிரியர் தினத்தன்று இதைக் கேட்கலாமா தெரியவில்லை. ஒரு செய்திச் சேனலின் முகநூல் பக்கம். பதினொன்றாம் வகுப்பு மாணவனிடம் தவறாக நடந்துகொண்டதாக ஆசிரியை கைது என்று செய்தி. கீழே கமெண்டுகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. முதல் ஐம்பதை எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று சிரிப்பு. “எந்த ஸ்கூல், அட்மிஷன் இருக்கா?” “நாங்க படிக்கும்போது இப்படி ஒரு டீச்சர் வாய்க்கலையே.” “குடுத்து வச்சவன்.” அதே பக்கத்தில் நாலு நாள் முன்னால் ஓர் ஆண் ஆசிரியர் கைதான செய்தி. அங்கே “தூக்குல போடு”, “நடுரோட்டுல வெட்டு”. ஆள் மாறினால் குற்றமும் மாறுமா? இல்லை, எனக்கு மட்டும்தான் இது உறுத்துகிறதா?

செப்டம்பர் 5, இரவு 11.20

உங்களுக்கு மட்டும் இல்லை. பதினாறு வருடம் ஒரு நாளிதழின் தென்மாவட்டப் பதிப்பில் துணை ஆசிரியராக இருந்தேன். எந்தப் பேப்பர் என்று கேட்காதீர்கள். 2017-ல் வெளியே வந்துவிட்டேன். நீங்கள் எண்ணிய நாற்பத்தொன்றைப் போன்ற சிரிப்பை நான் டெஸ்க்கில் நேரிலேயே கேட்டிருக்கிறேன், நானும் சிரித்திருக்கிறேன்.

ஆண் ஆசிரியர் என்றால் அரக்கன், பெண் ஆசிரியை என்றால் கிளுகிளுப்பு. இதுதான் நடைமுறை. சட்டத்திலேயே ஓரவஞ்சனை இருக்கும்போது ஜனங்களைச் சொல்லி என்ன பயன்? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டமான போக்சோவில் ஒரு பெண்ணின் மேல் பெரிய பிரிவு எதையும் போட முடியாது.

செப்டம்பர் 6, காலை 7.05

மேலே நான் எழுதிய கடைசி வரி தப்பு. வக்கீல் ஒருவர் இரவோடு இரவாக வந்து குட்டிவிட்டார். வாங்கிக்கொள்கிறேன்.

அவர் சொன்னதை என் மொழியில் போடுகிறேன். போக்சோ 2012 நவம்பர் 14 முதல் அமலில் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ் யாராக இருந்தாலும் குழந்தை, ஆண் பெண் பேதம் இல்லை. சிக்கல் என்னவென்றால், குற்றம் செய்பவரைச் சொல்லும் 3-ஆம் பிரிவின் ஆங்கில மூலத்தில் ‘ஹீ’ என்று இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு “என் கட்சிக்காரர் பெண், அவருக்கு இது பொருந்தாது” என்று வாதாடியிருக்கிறார்கள். இந்திய தண்டனைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு ‘ஹீ’ என்றால் ஆணோ பெண்ணோ யாரும் என்று அப்போதே சொல்லிவிட்டது. 2024 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் 3, 5 பிரிவுகள் பெண்ணுக்கும் பொருந்தும் என்றது. போன மாதம் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. 13 வயதுப் பையன், 52 வயதுப் பெண் என்பது அந்த வழக்கு. பெண் இதில் சும்மா இருப்பவள், ஆண்தான் செயல்படுபவன் என்று வைத்த வாதத்தைப் பழைய காலத்து எண்ணம் என்று நீதிபதி தள்ளிவிட்டார்.

ஆசிரியர் என்றால் இன்னும் கடுமை. 5-ஆம் பிரிவில் கல்வி நிறுவன ஊழியர் என்று தனியாகவே இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சம் 20 வருடம். அதிலும் ஆண் பெண் பேதம் இல்லை.

ஆக, போக்சோ நேராகத்தான் இருக்கிறது. கோணல் நம்மிடம்.

செப்டம்பர் 6, மதியம் 1.40

“அப்போ சட்டத்தில் ஓரவஞ்சனையே கிடையாதா?” என்று ஒருவர். இருந்தது. வக்கீலே எடுத்துக் கொடுத்தார். பழைய தண்டனைச் சட்டத்தில் 361. பாதுகாவலரிடமிருந்து மைனரைக் கடத்துவது பற்றிய பிரிவு. பெண் என்றால் 18 வயதுக்குக் கீழ், பையன் என்றால் 16 வயதுக்குக் கீழ். 2024 ஜூலை 1-ல் புதிய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதா வரும் வரைக்கும் இப்படித்தான். புதிய 137-ல் ‘குழந்தை’ என்று பொதுவாகப் போட்டுவிட்டார்கள்.

இந்தப் பதினாறைப் பற்றி எனக்கு ஒரு சொந்தக் கதை இருக்கிறது. இரவு எழுதுகிறேன்.

செப்டம்பர் 6, இரவு 10.50

2006. போக்சோ எல்லாம் வராத காலம். இரவு ஒன்பதரை மணி, மாவட்டப் பக்கம் முடிகிற நேரம். பகுதி நேர நிருபர் போனில் செய்தி சொல்கிறார். தனியார் பள்ளி ஆசிரியை, வீட்டில் டியூஷனும் எடுப்பவர், பிளஸ் டூ மாணவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பையனின் அம்மா ஸ்டேஷனில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார். “போலீஸ் என்ன சொல்லுது?” என்றேன். “பையனுக்குப் பதினாறு முடிஞ்சிருச்சு, கடத்தல் கேஸ் நிக்காதாம். ‘ஆம்பளப் புள்ளதானம்மா, செலவுக்குக் காசு தீந்தா வந்துருவான்’னு அனுப்பிவிட்டாங்க” என்றார்.

அந்த இடத்தில் பதினேழு வயதுப் பெண்ணும் ஓர் ஆண் வாத்தியாரும் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். விடிவதற்குள் வாத்தியார் வீட்டுக் கதவு உடைந்திருக்கும்.

நான் வைத்த தலைப்பு: “மாணவனுடன் ஆசிரியை ஓட்டம்”.

‘கடத்தல்’ என்று போடலாமே என்று அப்போது எனக்குத் தோன்றியது. ஷிப்டு பொறுப்பாளரிடம் கேட்கவும் செய்தேன். அவர் சிரித்தார். டெஸ்க்கில் தலைப்புக்கு எழுத்து எண்ணுவோம், ஒரு எழுத்து கூடினாலும் அடுத்த காலத்தில், அதாவது பக்கத்துச் செய்தி வரிசையில், போய் இடிக்கும். ஓட்டம் நாலு எழுத்து, கடத்தல் ஐந்து. இடம் இல்லாததால் போடவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்ள ஆசைதான். ஒரு எழுத்து, அவ்வளவுதான் வித்தியாசம்.

செப்டம்பர் 7, காலை 8.15

டெஸ்க் அகராதி பற்றிக் கேட்டவருக்கு.

ஆண் ஆசிரியருக்கு: ‘காமக்கொடூரன்’, ‘காமுக ஆசிரியர்’, தொட்டதோடு நின்றால் ‘சில்மிஷ ஆசிரியர்’. இந்தச் சில்மிஷம் என்ற வார்த்தையை யாராவது ஒரு நாள் கொளுத்த வேண்டும். பத்து வயதுப் பெண் குழந்தை பயந்து நடுங்கி வீட்டில் சொல்லியிருக்கும், நாங்கள் சில்மிஷம் என்று போடுவோம், ஏதோ கண்ணன் வெண்ணெய் திருடிய மாதிரி.

பெண் ஆசிரியைக்கு: ‘ஓட்டம்’, ‘மாயம்’, ‘உல்லாசம்’, ‘தகாத உறவு’. தகாத உறவாம். பதினைந்து வயதுப் பையனும் அதில் ஒரு பங்காளி என்கிற மாதிரி.

இன்னொன்று, இதை நான் டெஸ்க்கில் இருந்தபோது கவனிக்கவே இல்லை, இப்போது யோசிக்கும்போதுதான் தெரிகிறது. ஆசிரியை என்றால் “இரண்டு குழந்தைகளின் தாய்” என்று கட்டாயம் போடுவோம். கணவர் வெளிநாட்டில் என்றால் அது முதல் பத்தியிலேயே வந்துவிடும், காரணம் கண்டுபிடித்த மாதிரி. ஆண் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளை என்று எந்த நிருபரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

செப்டம்பர் 7, காலை 8.40

‘தர்ம அடி’யை விட்டுவிட்டீர்களே என்கிறார் ஒருவர். ஆமாம். தர்மம் எந்தக் காலத்திலும் பெண்ணை அடித்ததாக நான் செய்தி போட்டதில்லை.

செப்டம்பர் 7, இரவு 11.55

இதை எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசனை.

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் கணக்கில் புலி. தெருவில் பி.எஸ்ஸி முடித்துவிட்டு, எம்ப்ளாய்மென்ட்டில் பதிந்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த ஒரு அக்கா டியூஷன் எடுத்தார். டியூஷன் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். எங்களை எல்லாம் ஏழு மணிக்கு அனுப்பிவிட்டு அவனை மட்டும் எட்டு வரைக்கும் இருக்கச் சொல்வார், கெட்டிக்காரன் என்று. என்ன நடந்தது என்று நான் எழுதப் போவதில்லை. நடந்தது என்பது எங்களுக்கு அரைகுறையாகத் தெரியும்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? ஆற்றுப் பாலத்துச் சுவரில் அவனை நடுவில் உட்கார வைத்துக் கதை கேட்டோம். அவன் சொல்லாவிட்டால் விடமாட்டோம். சொன்னால் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுப்போம். ஒரு கட்டத்தில் அவனே ஜோடித்துச் சொல்ல ஆரம்பித்தான். “குடுத்து வச்சவன்டா நீ.” இதே வார்த்தைதான், எழுத்து மாறாமல்.

காலாண்டுத் தேர்வில் கணக்கில் 92 எடுத்தவன் அரையாண்டில் 34. அவன் அப்பா பெல்ட்டை எடுத்தார். அப்புறம் ஒரு முடிவு செய்தார். வாரத்தில் மூன்று நாளாக இருந்த டியூஷனை ஆறு நாளாக்கினார். மாதம் ஐம்பது ரூபாய் கட்டணத்தை எழுபதாக்கிக் கொடுத்து, “நல்லா கவனிச்சுக்கம்மா” என்று சொல்லிவிட்டு வந்தார்.

பதினைந்து இருபது வருடம் கழித்து, அவன் அப்பா இறந்து பதினாறாம் நாள் விசேஷத்தில் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது அவனாகவே சொன்னான். “ஃபீஸ் எங்கப்பாதான்டா கட்டினாரு, மாசா மாசம்.” வேறு எதுவும் சொல்லவில்லை. ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தேன். பாயசம் பரிமாற ஆள் வேண்டும் என்று அவனை உள்ளே கூப்பிட்டார்கள்.

செப்டம்பர் 8, காலை 6.30

“நண்பரின் கதையை எழுத அவரிடம் கேட்டீர்களா?” என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

கேட்கவில்லை. ஊரை, ஆளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், ஆனால் அது பதில் இல்லை. அவனுக்கு இந்த இணைப்பை அனுப்பியிருக்கிறேன். வேண்டாம் என்றால் தூக்கிவிடுவேன்.

செப்டம்பர் 9, இரவு 9.30

இரண்டு டிக் நீலமாகிவிட்டது. பதில் இல்லை.

இதற்கிடையில் நாலு பேர் என் கதையை வெட்டி எடுத்துக்கொண்டு போய், “பார்த்தீர்களா, பெண்கள்தான் மோசம், ஆண்களுக்குத்தான் எல்லா அநியாயமும்” என்று வேறு இடங்களில் ஒட்டியிருக்கிறார்கள். ஐயா, என்னை இழுக்காதீர்கள். பதினாறு வருடத்தில் என் மேசைக்கு வந்த ஆசிரியர் கைதுச் செய்திகளில் பெண் பெயர் இருந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் ஆண்கள். இதை மறைத்துவிட்டு மற்றதைப் பேசுவது நேர்மை இல்லை.

அதோடு, என் முதல் பதிவில் ஆண் ஆசிரியர் என்றால் அரக்கன் ஆக்கிவிடுகிறோம் என்று எழுதினேனே, அதையும் பாதி திருத்த வேண்டும். வெளியே வந்தால்தான் அரக்கன். வராத வரைக்கும் ‘நம்ம சார்’. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் மாணவி புகார் சொன்னதும் தலைமையாசிரியர் செய்த முதல் காரியம், பெற்றோரைக் கூப்பிட்டு, “பொம்பளப் புள்ள, நாளைக்கு நல்லது கெட்டது இருக்கு” என்று பேசி டி.சி. கொடுத்தது. சாருக்கு வேறு ஊருக்கு மாறுதல். அந்த ஊரில் பள்ளிக்கூடம் இல்லையா, பிள்ளைகள் இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. இப்போது அப்படி மூடி மறைத்தால் நிறுவனத் தலைவருக்கே ஒரு வருடம் வரை சிறை, 21-ஆம் பிரிவு.

2021 மே மாதம் சென்னை கே.கே. நகர்ப் பள்ளி ஆசிரியர் மீதான பாலியல் புகார் வெடித்தபோது பழைய மாணவிகள் எத்தனை வருடத்துக் கதைகளை எழுதினார்கள், ஞாபகம் இருக்கிறதா? அத்தனை வருடமும் அந்த ஆள் அரக்கனாக இல்லை. வகுப்பெடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

செப்டம்பர் 10, காலை 10.10

எண் கேட்டவருக்கு ஒன்று. 2007-ல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53 சதவீதத்துக்குச் சற்று அதிகம். அவர்களில் பையன்கள் 52.94 சதவீதம்.

பாதிக்கு மேல் பையன்கள். இது வந்தபோது நான் டெஸ்க்கில் இருந்தேன். உள்பக்கத்தில் ஒற்றைக் காலம் போனதாக ஞாபகம்.

இதைப் பெண்களின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். பையன்களிடம் அத்துமீறும் ஆண்கள் எத்தனை பேர்! எங்கள் பள்ளியிலேயே ஓர் ஓவிய வாத்தியார் இருந்தார். மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘கிள்ளு சார்’. வருடா வருடம் சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள், “அவரு கிளாஸ்ல முதல் பெஞ்சுல உக்காராத”. எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் சிரிப்போம். பணி ஓய்வு விழாவில் அவருக்கு மாலை போட்ட மாணவர் தலைவன், அதே முதல் பெஞ்சில் உட்கார்ந்தவன்தான்.

ஆக, பையனிடம் யார் அத்துமீறினாலும் நாம் சிரிக்கத்தான் செய்கிறோம். ஆண் என்றால் கேலிச் சிரிப்பு, பெண் என்றால் பொறாமைச் சிரிப்பு.

செப்டம்பர் 11, இரவு 10.20

அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் தனிச் செய்தியில் எழுதினார். வெளியிட அனுமதித்த பகுதியை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

“நீங்கள் எல்லாரும் பையனைப் பற்றியே பேசுகிறீர்கள். சரிதான், அவன்தான் குழந்தை. ஆனால் அந்தக் கமெண்ட் போடுகிறவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்றும் யோசியுங்கள். ஒரு மலையாளப் படம் வந்தாலும் வந்தது, எங்கள் பள்ளியில் புதிதாகச் சேரும் ஒவ்வொரு டீச்சருக்கும் அந்தப் படத்து டீச்சர் பெயரை வைத்துவிடுவார்கள். போர்டில் எழுதும்போது பின்னால் போன் கேமரா. கழிப்பறைச் சுவரில் என் பெயரோடு பிளஸ் டூ பையன் பெயர். அவன் நன்றாகப் படிக்கிறான் என்று நோட்டில் ‘வெரி குட்’ போட்டதுதான் நான் செய்தது. தலைமையாசிரியரிடம் சொன்னேன். ‘நீங்க கொஞ்சம் கண்டிப்பா இருங்க டீச்சர்’ என்றார். அன்றிலிருந்து எந்தப் பையனுக்கும் வெரி குட் போடுவதில்லை.”

இதைப் படித்துவிட்டு அந்தக் கமெண்டுகளைத் திரும்பப் பார்த்தேன். ‘எங்களுக்கு இப்படி டீச்சர் வாய்க்கலையே’ என்று எழுதுகிறவன் குற்றம் செய்த பெண்ணை மட்டும் பார்த்து எழுதவில்லை. அவனுக்குப் பாடம் எடுத்த அத்தனை பேரையும் சேர்த்துத்தான் எழுதுகிறான்.

செப்டம்பர் 12, காலை 7.50

“அப்படியென்றால் தப்பு செய்த ஆசிரியையை ஊர் மன்னித்துவிடுகிறது என்கிறீர்களா?”

இல்லை. அதுதான் வேடிக்கை. சிரிப்பது ஒரு பக்கம், கிழிப்பது ஒரு பக்கம், இரண்டும் ஒரே ஆள் செய்வான். அருப்புக்கோட்டைக் கல்லூரிப் பேராசிரியை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஏப்ரல். மேலிடத்து ஆட்களின் இச்சைக்கு இணங்கச் சொல்லி மாணவிகளிடம் பேசிய ஆடியோ வெளியானது. அவர்கள் கல்லூரிப் பெண்கள், இது வேறு வகை வழக்கு. ஆனால் ஆசிரியர் என்ற நம்பிக்கையை விற்கப் பார்த்த குற்றம்தான். ஒவ்வொரு முறை நீதிமன்றத்துக்கு வந்தபோதும் அவருடைய புடவை, முடி, நடை, சிரிப்பு எல்லாமே செய்தி. அந்த ஆடியோவில் சொல்லப்பட்ட ‘மேலிடம்’ யார் என்ற கேள்வி அவ்வளவு தூரம் போகவில்லை. 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்குப் பத்து ஆண்டு விதித்தது. கூடக் குற்றம் சாட்டப்பட்ட ஆண்கள் இருவரும் விடுதலை. தீர்ப்பை நான் குறை சொல்லவில்லை, சாட்சியம் இருந்தால்தான் தண்டனை. ஆனால் இன்றைக்கு அந்த வழக்கைச் சொன்னால் யார் முகம் ஞாபகம் வருகிறது? ஒரே ஒரு முகம்.

என் மாமியார் அப்போது சொன்னது: “பொம்பள, அதுவும் வாத்திச்சி, இப்படிச் செய்யலாமா?” ஆம்பளை வாத்தியார் செய்தியைப் படிக்கும்போது அவர் இப்படிக் கேட்டதே கிடையாது. ஆம்பளை அப்படித்தான் இருப்பான் என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார்.

செப்டம்பர் 12, மதியம் 3.00

வெளிநாட்டில் இப்படி இல்லை என்று ஒருவர். அங்கேயும் அதே குழம்புதான்.

அமெரிக்காவில் மேரி கே லெட்டூர்னோ. 34 வயது, திருமணமாகி நாலு குழந்தைகள். ஆறாம் வகுப்பு மாணவன், 12 வயது. இரண்டாம் வகுப்பிலும் அவனுக்கு அவர்தான் டீச்சர். 1997-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஏழரை வருடத் தண்டனையை நிறுத்தி வைத்து சில மாதம் மட்டும் உள்ளே வைத்தார்கள். வெளியே வந்ததும் தடையை மீறி அதே பையனைச் சந்தித்தார், அப்புறம்தான் முழுத் தண்டனை. 2004-ல் விடுதலை, 2005-ல் அவனையே திருமணம் செய்துகொண்டார். பத்திரிகைகள் அதைக் காதல் கதையாக விற்றன.

எனக்கு இதில் மனதில் நின்றது திருமணம் இல்லை. 2002-ல் பையனின் குடும்பம், பள்ளி நிர்வாகமும் போலீஸும் அவனைக் காப்பாற்றத் தவறிவிட்டன என்று நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. ஜூரி ஒரு காசுகூடத் தர ஒப்பவில்லை.

ஒரு ஆறாம் வகுப்பு மாணவியும் 34 வயது ஆண் ஆசிரியரும் என்று மாற்றிப் போட்டு, கல்யாணப் படத்தை எந்தப் பத்திரிகை அட்டையில் போட்டிருக்கும் சொல்லுங்கள்.

செப்டம்பர் 14, மாலை 6.10

சொந்த வீட்டுக் கதை. மகன் ஏழாம் வகுப்பு. போன வருடம் பள்ளியில் ‘குட் டச் பேட் டச்’ வகுப்பு என்று வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. மாலையில், “என்னப்பா சொல்லிக் கொடுத்தாங்க?” என்றேன். “அது கேர்ள்ஸுக்கு. எங்களை கிரவுண்டுக்கு அனுப்பிட்டாங்க, செம மேட்ச்” என்றான். இரண்டு பீரியடு கிரிக்கெட்.

மறுநாள் போய்க் கேட்டேன். ஒருங்கிணைப்பாளர் மேடம் நல்லவர், உண்மையாகவே குழம்பிவிட்டார். “பாய்ஸுக்கும் வேணுமா சார்?” என்றார். கிண்டல் இல்லை, அவருக்குத் தோன்றவே இல்லை. பின்னால் சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 போஸ்டர் ஒட்டியிருந்தது. படத்தில் இரட்டைச் சடை போட்ட பெண் குழந்தை, கையை நீட்டி ‘வேண்டாம்’ என்கிறது.

நானும் யோக்கியன் இல்லை. எனக்கு ஏன் அன்றைக்குத்தான் தோன்றியது? மகள் ஆறாவது படிக்கும்போதே அவளுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தாயிற்று, அவள் அம்மாவும் நானும் உட்கார்ந்து. மகனிடம் அதுவரை நாங்கள் சொன்னது ஒன்றுதான்: “பொண்ணுங்ககிட்ட மரியாதையா நடந்துக்கணும்.” அது தேவைதான். ஆனால் அதில் அவன் எப்போதும் ஆபத்தாக மட்டுமே வருகிறான். அவனுக்கும் ஆபத்து வரும் என்று ஒரு வரி இல்லை.

செப்டம்பர் 14, இரவு 8.00

ஆமாம், இந்த வருடம் பையன்களையும் உட்கார வைத்தார்களாம். “போர்” என்றான். மேட்ச் போய்விட்ட கோபம்.

செப்டம்பர் 19, இரவு 11.30

நண்பன் போன் செய்தான். பதினோரு நாள் கழித்து. ஒரு மணி நேரம் பேசினோம். அனுமதி கொடுத்துவிட்டான். சில திருத்தங்களும் கொடுத்தான்.

“ஏலேய், எனக்கு எப்பலே கணக்குல 92 வந்துச்சு? 78. உனக்குத்தான் என்னைப் பெரிய ஆளாக்கிச் சொல்லணும்.” அரையாண்டில் 34 இல்லை, 41. பாஸ். அவன் அப்பா அடித்தது பெல்ட்டால் இல்லை, செருப்பால். கட்டணம் ஐம்பது சரி, எழுபது ஆக்கவில்லை, அறுபத்தைந்துதான், அப்பா பேரம் பேசினார். இதைச் சொல்லும்போது விழுந்து விழுந்து சிரித்தான். கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தது உண்மைதானா என்று கேட்டேன். “அதெல்லாம் குடுத்தீங்க. அதுக்காகத்தான் கதையே விட்டேன். அப்புறம் எது நான் விட்ட கதை, எது நடந்ததுன்னு எனக்கே பிரிக்கத் தெரியல, அதுதான் கொடுமை.”

போலீஸில் சொல்லலாமே, இப்போதும் சொல்லலாம் என்கிறார்களே என்று இழையில் வந்ததைச் சொன்னேன். அந்த அக்கா இறந்து ஒன்பது வருடம் ஆகிறதாம். துஷ்டிக்குப் போனானாம். “போகலன்னா ஏன் போகலன்னு வீட்டுல கேப்பாங்கல்ல?”

வைக்கப் போகும்போது இன்னொரு திருத்தம் சொன்னான். “ஒன்பதாம் வகுப்புன்னு எழுதியிருக்க. அது நீங்க கண்டுபிடிச்ச வருசம். எட்டாவதுல ஆரம்பிச்சது.”

மேலே உள்ள பதிவை நான் திருத்தவில்லை. தப்போடு இருக்கட்டும்.

செப்டம்பர் 20, காலை 9.00

அவனைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: முடியாது.

அக்டோபர் 4, இரவு 12.15

ஒரு வேலை பாக்கி இருந்தது. 2006 செய்தி. பழைய அலுவலகத்தில் இன்னும் இருக்கும் தோழர் ஒருவரிடம் கேட்டேன், பைண்டு செய்த தொகுப்பில் தேடி, படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். பக்கம் மூன்று, கீழ்ப்பகுதி, மூன்று காலம்.

தலைப்பு “மாணவனுடன் ஆசிரியை ஓட்டம்” இல்லை.

“டியூஷன் எடுத்த ஆசிரியை மாணவனுடன் ‘ஜூட்’.”

மேலே சின்ன எழுத்தில் “இரண்டு குழந்தைகளின் தாய்”.

‘கடத்தல்’ என்று போடலாமா எனப் பொறுப்பாளரிடம் கேட்டேன், அவர் சிரித்தார் என்றெல்லாம் எழுதினேனே. கேட்டிருப்பேன் என்று பத்தொன்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். அந்த டெஸ்க்கில் ‘ஜூட்’ என்ற வார்த்தையை அடிக்கடி தலைப்பில் ஏற்றுகிறவன் நான் ஒருவன்தான். சின்ன வார்த்தை, இடம் மிச்சம், படிக்கிறவனுக்குச் சிரிப்பு வரும் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவேன்.

செய்திக்குள் பையனின் பெயர், வயது, அப்பா பெயர், தெரு பெயர், எந்தப் பள்ளி, எந்தப் பிரிவு எல்லாம் இருக்கிறது. வயது 17.

இப்போது 36 இருக்கும். பெயரை முகநூலில் தட்டிப் பார்க்கலாமா என்று போனைக் கையில் எடுத்தேன். தட்டவில்லை.